கரிஸ்மாவா, பல்சர் 220-ஆ, சிபிஆரா: பழைய டூரிங் பைக் எடுக்கும் முன்

போன மாதம் அக்கா மகன் மூன்று வண்டிகளின் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். "மாமா, இதுல எதை எடுக்கலாம்? வண்டி, ரிப்பேர் எல்லாம் சேர்த்து ஒரு லட்சம்தான் இருக்கு." ஒன்று 2008 கரிஸ்மா ஆர். அடுத்தது 2017 பல்சர் 220. மூன்றாவது 2012 ஹோண்டா சிபிஆர் 250ஆர், ஏபிஎஸ் (அழுத்திப் பிரேக் பிடித்தாலும் சக்கரம் லாக் ஆகாமல் பார்க்கும் அமைப்பு) வைத்தது. அவனுக்கு வேலை திருப்பூரில். வாரக் கடைசியில் வால்பாறை, கொல்லிமலை என்று கிளம்புவான். வருடத்துக்கு ஒரு தடவை தனுஷ்கோடி. பின்சீட்டில் மனைவி, கூடவே இரண்டு பை.

நான் பதினோரு வருடமாகக் கரிஸ்மா ஓட்டுகிறேன். அதனால் என் பதில் ஒரு பக்கமாகச் சாயும் என்று அவனுக்குத் தெரியும். அப்படிச் சாயக்கூடாது என்றுதான் மூன்று வண்டிகளையும் நேரில் போய்ப் பார்க்கலாம் என்றேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை அதற்கே போனது. அப்போது பார்த்ததையும், இத்தனை வருடத்தில் கை அழுக்கானதில் கற்றதையும் எழுதுகிறேன். பழைய வண்டி தேடுகிற வேறு யாருக்காவது பயன்படும்.

ஏன் இந்த மூன்று மட்டும்? நாள் முழுக்க உட்கார்ந்தால் முதுகு தாங்க வேண்டும், மலை வளைவில் வண்டி நம்பிக்கையாகப் படுக்க வேண்டும், நாற்கர சாலையில் இரண்டு பேரோடு திணறக்கூடாது. ஒரு லட்சத்துக்குள் பழையதாகக் கிடைப்பவற்றில் இந்த மூன்றையும் செய்பவை இவைதான். ஆர்15 ஓட்டுபவருக்கு அருமை, பின்னால் உட்காருபவருக்குத் தண்டனை. நிஞ்ஜா 250ஆர் இரட்டை சிலிண்டர், சத்தம் கேட்டாலே மனசு போகும். ஆனால் ஒரு பாகம் போனால் பட்ஜெட்டும் போய்விடும். புல்லட் வேறு மாதிரியான பயணம், அதை இதோடு ஒப்பிட வேண்டாம்.

குதிரைத் திறனை வைத்து ஒப்பிட ஆரம்பித்தால் பேச்சு முதல் நிமிடத்திலேயே முடிந்துவிடும். கரிஸ்மா 223 சிசி, சுமார் 17. பல்சர் 220 சிசி, சுமார் 21. சிபிஆர் 249 சிசி, 25-க்கு மேல். காகிதத்தில் சிபிஆர்தான். ஆனால் நம் நாட்டில் நாற்கர சாலையில் கூட இருசக்கர வண்டிக்குச் சட்டப்படி வேக வரம்பு மணிக்கு 80 கிலோமீட்டர். எனவே 120-இல் எது நன்றாகப் போகும் என்று கேட்பதில் பயனில்லை. இரண்டு பேர், பை எல்லாம் ஏற்றிக்கொண்டு 80-இல் போகும்போது இன்ஜின் நிம்மதியாக இருக்கிறதா, லாரியைத் தாண்ட வேண்டிய இடத்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். அந்தக் கணக்கில் மூன்றும் தேறும். அப்புறம் இவற்றைப் பிரிப்பது வேறொன்று: வழியில் நின்றுபோனால் யார் திறந்து பார்ப்பார், பாகம் எங்கே கிடைக்கும்?

கரிஸ்மாவில் தொடங்குகிறேன். ஹீரோ ஹோண்டா இதை 2003-இல் கொண்டுவந்தது. இதன் இன்ஜின் ஹோண்டாவின் சிஆர்எஃப்230 என்ற மண்பாதை பைக்கின் குடும்பம். காற்றில் குளிர்வது, இரண்டே வால்வு, ஒரு கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுப்பது), ஐந்து கியர். சிக்கலான எதுவும் உள்ளே இல்லை. நல்ல ஆயிலை நேரத்துக்கு மாற்றினால் இந்த இன்ஜின் எவ்வளவு தூரம் ஓடும் என்பதற்கு என் வண்டியே சாட்சி, மீட்டர் 90,000 தாண்டிவிட்டது, போரிங் (சிலிண்டரைக் கடைந்து புது பிஸ்டன் போடுவது) இன்னும் போடவில்லை. இருபுறமும் 18 அங்குல சக்கரம் என்பதால் மோசமான ரோட்டில் குழியை மென்மையாகத் தாண்டும். 15 லிட்டர் டேங்க்கை நிரப்பினால் கோவையிலிருந்து தனுஷ்கோடிக்கு நடுவில் பெட்ரோல் பங்க் தேட வேண்டியதில்லை.

குறை எங்கே என்றால், இன்ஜினைச் சுற்றியுள்ளவற்றில். ஹீரோவும் ஹோண்டாவும் பிரிவதாக 2010 டிசம்பரில் அறிவித்தார்கள். 2014-இல் வந்த புதிய கரிஸ்மா பார்வைக்கு வேறு வண்டி. அதன் டூமும் (முன்னால் ஹெட்லைட்டைச் சுற்றி வரும் உறை) பேனலும் பழையதில் பொருந்தாது. க்ளட்ச் பிளேட், கேபிள், பிரேக் ஷூ, செயின் செட் இன்றும் சுலபமாகக் கிடைக்கும். பழைய டூம், மீட்டர், நல்ல டேங்க் வேண்டுமென்றால் சென்னை புதுப்பேட்டையில் ஒரு நாள் அலைய வேண்டும், அல்லது உடைந்த இன்னொரு கரிஸ்மாவை வாங்கிப் பிரிக்க வேண்டும். அதனால் கரிஸ்மா பார்க்கப் போனால் இன்ஜினை விட உடம்பைக் கவனமாகப் பாருங்கள் என்பேன். இன்ஜினைச் சரிசெய்ய ஊருக்கு ஒரு ஆள் இருக்கிறார். உடைந்த டூமுக்கு ஆள் இல்லை. 2009-இல் வந்த கரிஸ்மா இசட்எம்ஆர் இன்னும் சிரமம். ஃபியூல் இன்ஜெக்‌ஷன் (கார்புரேட்டருக்குப் பதில் எலக்ட்ரானிக் முறையில் பெட்ரோலைத் தெளிப்பது), முழு டூம், டிஜிட்டல் மீட்டர் என்று ஓட்ட நன்றாக இருக்கும், ஆனால் அந்த மீட்டர் போனால் மாற்று தேடுவது பெரிய வேலை. பழைய கரிஸ்மா என்றால் கார்புரேட்டர் வண்டியையே எடுங்கள்.

அந்த 2008 வண்டியைப் பார்க்கக் காலை ஏழு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தோம். போனதும் முதலில் இன்ஜின் ஃபின்னில் கை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. பழைய வண்டிக்காரர் நமக்கு முன்னாலேயே ஸ்டார்ட் செய்து சூடாக்கியிருந்தால், குளிர்ந்த நிலையில் அது எப்படிக் கிளம்பும் என்பது நமக்குத் தெரியாமல் போய்விடும். கோபப்படாமல், "டீ குடிச்சிட்டு ஒரு மணி நேரத்துல வர்றோம்ங்க" என்று சொல்லிவிட்டு வந்தோம். திரும்பிப் போனபோது சோக் போடாமல் கிளம்பவே இல்லை. கிளம்பிய பிறகும் ஐடிலிங் (ஆக்சிலேட்டரைத் தொடாதபோது இருக்கும் ஓட்டம்) நிற்காமல் ஏறி இறங்கியது. சைலன்சர் வாயில் விரலை வைத்துப் பார்த்தேன், காய்ந்த கரிதான், எண்ணெய்ப் பிசுபிசுப்பு இல்லை. நீலப் புகையும் இல்லை. அதாவது பிஸ்டன் ரிங் நன்றாக இருக்கிறது, கோளாறு மூச்சுக் குழாயில்.

என் வண்டியும் இதே நோயோடுதான் வந்தது. கார்புரேட்டருக்கும் இன்ஜின் ஹெட்டுக்கும் நடுவே ஒரு கறுப்பு ரப்பர் குழாய் இருக்கும். வெளியே பார்த்தால் நன்றாகத்தான் தெரியும். கழற்றி இரண்டு கையாலும் வளைத்தால்தான் மயிரிழை வெடிப்பு வாய் திறக்கும். அந்த வழியாகக் காற்று புகுந்து கலவை மெலிந்து, ஐடிலிங் அலையும், ஆக்சிலேட்டரை விட்டால் பின்னால் படபடவென்று வெடிக்கும். நான் மூன்று மெக்கானிக்கிடம் காட்டினேன். மூவரும் கார்புரேட்டரைக் கழுவிக் கொடுத்தார்களே தவிர ரப்பரைத் தொடவில்லை. கடைசியில் நானே ஐடிலிங்கில் ஓடவிட்டு, அந்த இணைப்பைச் சுற்றிக் கார்புரேட்டர் க்ளீனரை லேசாக அடித்தேன். வெடிப்பு இருக்கும் பக்கம் பட்டதும் ஆர்பிஎம் சட்டென்று மாறியது. புது ரப்பர் போட்ட அன்று வண்டி எவ்வளவு அமைதியாக நின்று ஓடியது என்பது இன்னும் காதில் இருக்கிறது. (இந்தச் சோதனையைத் திறந்த வெளியில், இன்ஜின் சூடேறும் முன் செய்யுங்கள். அந்த ஸ்ப்ரே தீப்பிடிக்கும்.)

பழைய கார்புரேட்டர் வண்டிக்கு இப்போது இன்னொரு கவனமும் வேண்டும். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலை நினைத்து இந்த வண்டிகளை யாரும் செய்யவில்லை. எத்தனால் பழைய ரப்பரை அரிக்கும், ஈரத்தை இழுக்கும். பல வாரம் நிறுத்தி வைத்த வண்டியின் கார்புரேட்டர் கிண்ணத்தைத் திறந்தால் அடியில் கலங்கலாக ஒரு படிவு இருக்கும். ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் ஸ்லோ ஜெட்டின் துளை தலைமுடி அளவுதான், அந்தப் படிவே அதை அடைத்துவிடும். டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே சிவப்பாகத் துரு தெரிந்தால், அந்தத் துரு என்றாவது ஒருநாள் ஜெட்டுக்கு வரும்.

பல்சர் 220-க்கு வருகிறேன். 2007-இல் ஃபியூல் இன்ஜெக்‌ஷனோடு வந்தது, 2009-இல் பஜாஜ் அதைக் கார்புரேட்டருக்கு மாற்றியது. நமக்கு வேண்டியது பின்னால் வந்த அதுதான். முதல் இன்ஜெக்‌ஷன் மாடல் மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள், அதற்கென்று பாகம் தேடி அலைய வேண்டிவரும். பல்சர் 220 இடையில் 2022-இல் நின்றாலும் 2023-இல் திரும்ப விற்பனைக்கு வந்தது. இதை நான் ரொம்பப் பெரிய விஷயமாக நினைக்கிறேன். 15 வருடமாக ஏறக்குறைய ஒரே உருவம், ஒரே இன்ஜின் என்றால், பேராவூரணியில் நின்றாலும் பெரியகுளத்தில் நின்றாலும் கடையில் கேபிள் இருக்கும், அதை மாட்டத் தெரிந்த பையனும் இருப்பான்.

ஓட்டத்தில் கரிஸ்மாவின் சாந்தம் இதற்கு இல்லை. ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் ஹேண்டிலும் ஃபுட்ரெஸ்ட்டும் அதிரும். ஆனால் இழுவை நன்றாக இருக்கும், பின்னாலும் டிஸ்க், ப்ரொஜெக்டர் ஹெட்லைட் இரவில் உண்மையாகவே ரோட்டைக் காட்டும். இரவில் மலை இறங்குகிறவனுக்கு அது சின்ன விஷயமில்லை.

பார்க்க வேண்டியவை வெளிப்படையானவை. முதலாவது கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பும் இடத்துப் பேரிங். சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின்னால் ஒருவர் அழுத்த முன்சக்கரம் தூக்கியதும், ஹேண்டிலை ஒரு விரலால் மெதுவாக இடமும் வலமும் தள்ளுங்கள். நேராக வரும் இடத்தில் டக்கென்று உட்கார்ந்தால் கோன் செட் தேய்ந்திருக்கிறது. வளைவில் வண்டி தன்னிஷ்டத்துக்குப் போகும். செலவு பெரிதில்லை, விலை பேசும்போது சொல்லலாம். இரண்டாவது, இன்ஜினின் இடது பக்கம் காது வைத்தால் டைமிங் செயின் சலசலப்பு. ஸ்டார்ட் செய்த சில விநாடியில் அடங்கினால் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் அளவில் முடியும். சூடான பிறகும் தொடர்ந்தால் செயினையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும். மூன்றாவது ப்ளக். இதில் இரண்டு ஸ்பார்க் ப்ளக். கைக்கு எட்டுவதை மட்டும் மாற்றிவிட்டு மற்றொன்றை அப்படியே விடும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. இரண்டையும் கழற்றச் சொல்லுங்கள். ஒன்று புதுசு, மற்றது கரிக்கட்டை என்றால் அந்த வண்டிக்கு எப்படிப்பட்ட சர்வீஸ் நடந்திருக்கிறது என்று அதிலேயே தெரிந்துவிடும்.

நாங்கள் பார்த்த 2017 வண்டியில் கோன் செட் உட்கார்ந்திருந்தது. முன் டயரின் பக்கவாட்டில் இருந்த நான்கு இலக்கம் 2317, அதாவது 2017-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்த டயர். வண்டியோடு வந்தது, கல் மாதிரி இறுகியிருந்தது. பள்ளம் நிறைய இருக்கிறதே என்று ஓனர் காட்டினார். பள்ளம் இருந்தாலும் இறுகிய ரப்பர் ஈர ரோட்டில் பிடிக்காது. இரண்டு ப்ளக்கும் ஒரே நிறத்தில், வெளிர் பழுப்பாக இருந்தன. அதைப் பார்த்ததும் எனக்கு இந்த வண்டி மீது மரியாதை வந்தது.

சிபிஆர் 250ஆர் இந்த மூன்றில் உண்மையான ஸ்போர்ட் டூரர். 2011-இல் வந்தது. தண்ணீரில் குளிரும் இன்ஜின், நான்கு வால்வு, ஆறு கியர், முழு டூம். ஆறாவது கியரில் 80-இல் போனால் இன்ஜின் ஓடுவதே தெரியாது. மார்பில் காற்று அடிக்காது, அதனால் 400 கிலோமீட்டர் ஓட்டி இறங்கினாலும் தோள் வலிக்காது. எல்லாவற்றையும் விட, ஏபிஎஸ். 125 சிசிக்கு மேல் ஏபிஎஸ் கட்டாயமானது 2019 ஏப்ரலில்தான். அதற்கு எட்டு வருடம் முன்பே இதில் இருந்தது. மழையில் வால்பாறை இறங்கும்போது நாற்பதாவது கொண்டை ஊசி வளைவில் திடீரென்று மாடு நின்றால், ஏபிஎஸ் இருக்கும் வண்டியில்தான் என் அக்கா மகன் இருக்க வேண்டும் என்று நினைப்பேன். என் கரிஸ்மாவைக் கீழே வைத்துவிட்டுச் சொல்கிறேன், நல்ல நிலையில் ஒரு ஏபிஎஸ் சிபிஆர் கிடைத்தால் மற்ற இரண்டையும் விட அதுதான் மேல்.

"நல்ல நிலையில்" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சாவியைப் போட்டதும் மீட்டரில் ஏபிஎஸ் விளக்கு எரிய வேண்டும். வண்டி நகர்ந்து கொஞ்சம் வேகம் பிடித்ததும் அணைய வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் கோளாறு என்று எல்லோருக்கும் தெரியும். நாங்கள் பார்த்த வண்டியில் விளக்கு எரியவே இல்லை. அக்கா மகன் சந்தோஷப்பட்டான். சாவியை அணைத்து மறுபடி போட்டேன், மற்ற விளக்குகள் எல்லாம் எரிந்து அணைந்தன, அது மட்டும் இருட்டு. யாரோ அந்த விளக்கைத் துண்டித்திருக்கிறார்கள். தெருமுனையில் மணல் கிடந்த இடத்தில் மெதுவாகப் போய்ப் பின் பிரேக்கை அழுத்தினேன், சக்கரம் லாக் ஆகி இழுத்துக்கொண்டு போனது. ஏபிஎஸ் மாட்யூல் மாற்றும் செலவு இவனுடைய பட்ஜெட்டில் பாதியைத் தின்றுவிடும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் என்பதால் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்ட வண்டியில் மாட்யூலின் உள்ளே அரிப்பு வரும். மாஸ்டர் சிலிண்டர் ஜன்னலில் டீ நிறத்தில் ஆயில் தெரிந்தால் சந்தேகப்படுங்கள்.

சிபிஆரின் இன்ஜினைப் பற்றி ஒரு நல்ல விஷயம். வால்வு இடைவெளி சரிசெய்ய கேம்ஷாஃப்ட்டைக் கழற்ற வேண்டியதில்லை, வால்வைத் தள்ளும் ராக்கரை நகர்த்தி ஷிம் (இடைவெளியை நிரப்பும் சின்ன வில்லை) மாற்றலாம். ஆனால் அதற்குப் பழகிய கை வேண்டும். திருப்பூரில் அவன் தெருவில் இருக்கும் மெக்கானிக்கிடம் கேட்டோம். "டூமைக் கழட்டி மாட்டவே அரை நாள் ஆகும்ங்க, நீங்க கம்பெனிக்கே போயிருங்க" என்றார். நேர்மையான பதில். சிபிஆரை ஹோண்டா 2020-இல் நிறுத்திவிட்டது. டூம் பேனல் ஒன்றே ஒன்று உடைந்தாலும் விலை கேட்டு மலைத்துப்போவீர்கள்.

பேப்பர் விஷயம் சுருக்கமாக. தனியார் வண்டியின் பதிவு 15 வருடத்துக்கு. அதன்பின் எஃப்சி (தகுதிச் சான்று) காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். 2008 கரிஸ்மா 2023-இலேயே அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. நாங்கள் பார்த்ததற்குப் புதுப்பிக்கவில்லை. ஓனர் "அது சும்மா ஒரு நாள் வேலைங்க" என்றார். ஒரு நாள் வேலை என்றால் அவரே செய்து தரட்டும், அப்புறம் பணம் கொடுக்கலாம். 2012 சிபிஆருக்கு 2027-இல் இதே வேலை வரும். பைனான்ஸ் பாக்கி இருந்த வண்டி என்றால் ஆர்சியில் கடன் குறிப்பு நீக்கப்பட்டிருக்க வேண்டும். அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு ஓனர் பெயர், இன்சூரன்ஸ், பாக்கி அபராதம் எல்லாம் பாருங்கள். சேஸிஸ் எண்ணை நேரில் கையால் தடவிப் படியுங்கள். கர்நாடகா, டெல்லி பதிவு வண்டிகள் பழைய வண்டி விற்கும் கன்சல்டிங் கடைகளில் மலிவாக நிற்கும். டெல்லியில் 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிக்குத் தடை வந்ததால் அங்கிருந்து நிறைய வருகின்றன. என்ஓசி (அந்த ஊர் ஆர்டிஓவின் தடையில்லாச் சான்று), இங்கே திரும்பக் கட்டும் வரி எல்லாம் கூட்டினால் அந்த மலிவு கரைந்துவிடும்.

பணத்தைப் பிரிக்க நான் வைத்திருக்கும் கணக்கு இது: கையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வண்டிக்குக் கொடுக்காதே. மீதி ஒரு பங்கு முதல் மூன்று மாதத்தில் கண்டிப்பாகச் செலவாகும். எவ்வளவு நல்ல வண்டியாக இருந்தாலும் ஆயில், ஃபில்டர், பிரேக் ஆயில், டயர், செயின் செட், பேட்டரி, கேபிள்கள் என்று ஒரு சுற்று இருக்கிறது. பழைய ஓனர் "இப்பத்தான் மாத்தினேன்" என்று சொன்னாலும் பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதில் முதலில் பிரேக், டயர். இன்ஜின் எல்லாம் பிறகு. பெயின்ட்டும் ஸ்டிக்கரும் கடைசி. நானே முதல் வருடம் டேங்க்குக்கு பெயின்ட் அடித்துவிட்டு பழைய டயரோடு ஏற்காடு போனேன். இறங்கும்போது மழை. அன்றைக்குத் தப்பித்ததை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது.

கடைசியில் கரிஸ்மாவை விடச் சொன்னேன். அதைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருந்தது. என்னிடம் அந்த வண்டி நன்றாக ஓடுகிறது என்றால், எனக்கு அதைத் திறக்கத் தெரியும், பதினோரு வருடத்தில் சேர்த்த பாகங்கள் மாடியில் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஓய்வு. அந்த நாளில் அவன் மலையில் இருக்க வேண்டும், பட்டறையில் இருக்கக்கூடாது. வேலையோடு பழகும் ஆசை இருப்பவர், வீட்டில் இடம் இருப்பவர், தினசரி போக வேறு வண்டி வைத்திருப்பவர் என்றால் கரிஸ்மாவைத் தாராளமாக எடுக்கலாம். இரண்டு லட்சம் பட்ஜெட்டும், பக்கத்தில் நல்ல ஹோண்டா சர்வீஸும் இருப்பவர் ஏபிஎஸ் வேலை செய்யும் சிபிஆரைத் தேடட்டும்.

அவன் பல்சரை எடுத்தான். கோன் செட்டையும் டயரையும் சொல்லி ஏழாயிரம் குறைத்தோம். பெயர் மாற்றத்துக்கு 29, 30-ஆம் எண் படிவங்களில் கையெழுத்து வாங்கி அந்த வாரமே ஆர்டிஓவில் கொடுத்தாகிவிட்டது, இன்சூரன்ஸும் அவன் பெயருக்கு மாறிவிட்டது. நேற்று முன் டயர் வந்துவிட்டது, இந்த வருடத் தேதி போட்டது. கோன் செட்டை ஞாயிறு காலை என் வீட்டு வாசலில் வைத்து மாற்றுகிறோம். பழைய பேரிங்கை அவனே தட்டி எடுக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.